கேட்போனும் பாடலும்: திருகோணமலைக் கடற்றுறையின் மூன்று இசைமரபுகள் பற்றிய ஒரு நோக்கு

1

தமிழிற் பாடல்கள் பற்றி எழுந்த திறனாய்வுகளுட் பெரும்பாலானவை வாசிப்போன் எழுதியவை. கேட்போன் எழுதியவை மிகச் சிலவே. தேவாரமாயினும், நாட்டார் பாடலாயினும், வானொலி மெல்லிசையாயினும், திறனாய்வாளன் முதலில் அதனைத் தாளில் எழுதிக்கொள்கிறான். பின்னர் எழுதிய சொற்களின் பொருளை ஆராய்கிறான். ஈற்றில் ‘இனிய இசையோடு பாடப்படுவது’ என ஒரு வாக்கியத்தை ஒப்புக்குச் சேர்த்துக்கொள்கிறான். முற்போக்குத் திறனாய்வும் இவ்வழக்கத்தினின்று பெரிதும் விலகவில்லை. உள்ளடக்கமே உருவத்தை நிர்ணயிக்கிறது என்னும் கோட்பாட்டினை ஏற்றுக்கொண்ட நம்மிற் பலர், பாடலின் உள்ளடக்கம் என்பது அதன் சொற்பொருள் மட்டுமே என்னும் முடிபுக்கும் நம்மை அறியாமலே வந்து சேர்ந்தோம். இதன் விளைவாகக் கேட்போன் என்னும் மனிதன் நமது ஆராய்ச்சியினின்று மறைந்து போனான். மக்கள் இலக்கியம் பற்றிப் பேசுவோர்க்கு இஃது ஒரு சிறு குறை எனக் கொள்ளத்தக்கதன்று. ஏனெனில், மக்கள் தம் பாடல்களை வாசித்தவரல்லர், கேட்டவர்கள்.

நடை, ஒலி, சொல் ஆகிய மூன்றும் கேட்போனின் அனுபவத்தை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நடை என ஈண்டுக் குறிக்கப்படுவது யாப்பின் செலவும், தாளத்தின் வேகமும், மொழியின் தரமும் சேர்ந்த ஒன்று. ஒலி என்பது பண்ணையும் குரலையும் கருவியையும், அவற்றைச் சூழ்ந்து கேட்கும் இயற்கை ஓசையையும் உள்ளடக்கும். சொல் என்பது வெளிப்படை. இம்மூன்றையும் வெறுங் கோட்பாடாக விவாதிப்பதிலும் பார்க்க, ஓரிடத்தின் பாடல் மரபுகளைக் கொண்டு நோக்குவது பயனுடைத்து. திருகோணமலைத் துறைமுகப் பகுதி இதற்கு மிகப் பொருத்தமானது. கோணேசர் மலையிற் பாடப்படும் தேவாரம், மணற்கரையில் வலையிழுப்போர் பாடிய அம்பா, 1970களிற் பரவிய பொப்பிசை ஆகிய மூன்றும் ஒரே கடலின் ஓரத்தே வாழ்ந்தவை. மூன்றுக்கும் வெவ்வேறு வர்க்கச் சார்பு உண்டு. வெவ்வேறு மதிப்பும் உண்டு. முதலாவது திருமுறை எனப் போற்றப்பட்டது. இரண்டாவது நாட்டாரியற் சான்று எனத் தொகுக்கப்பட்டது. மூன்றாவது பெரும்பாலும் பொருட்படுத்தப்படவில்லை.

2

இவ்வினா தமிழ் மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் வண்ணம் இருபது எனத் தொகுத்துக் கூறுகின்றது. வல்லிசை வண்ணம், மெல்லிசை வண்ணம், தூங்கல் வண்ணம், உருட்டு வண்ணம், முடுகு வண்ணம் என வரும் அப்பெயர்களை ஊன்றி நோக்கின், அவை செய்யுள் செவியிற் படும் விதத்தை வகைப்படுத்தும் பெயர்கள் என்பது புலனாகும். பொருளால் ஒத்த இரு செய்யுள்கள் வண்ணத்தால் வேறுபடலாம். அவ்வேறுபாடு தனியே எண்ணத்தக்கது என்பதே அப்பகுப்பின் உட்கருத்து.

கேட்டல் பற்றிய மிகக் கூர்மையான காட்சி சிலப்பதிகாரக் கானல்வரியில் உள்ளது. புகார்க் கடற்கரையிற் கோவலன் யாழிசைத்துப் பாடுகிறான். அவன் பாடியவை நெய்தற்றிணையின் வழக்கமான அகப்பாடல்களே. ஆயினும், அவன் மனம் வேறொருத்தியிடம் உள்ளதென மாதவி கொள்கிறாள். பின்னர் அவளும் வேறொரு குறிப்புடையவள் போலப் பாட, அதனைக் கோவலன் உண்மையெனக் கொண்டு பிரிகிறான். இருவரும் பாடியவை பொதுமரபுக்குரிய சொற்கள். யார்க்கும் உரியனவல்லாத சொற்கள். அவற்றை வாக்குமூலமாக மாற்றியது பாடிய குரலும், கேட்டவரின் நெஞ்சில் ஏற்கெனவே இருந்த ஐயமுமாகும். ஊழ்வினை யாழிசையைச் சார்பாகக் கொண்டு வந்தது என்பார் இளங்கோவடிகள். ஊழை ஒருபுறம் வைத்து நோக்கினும், பாடலின் பொருள் பாடலுக்குள் முற்றுப்பெறுவதில்லை, கேட்போனிடத்திலேயே முற்றுப்பெறுகிறது என்னும் உண்மையை அவர் கண்டிருந்தார் என்பதில் ஐயமில்லை. இவ்வுண்மையைக் கொண்டு திருகோணமலைக்கு வருவோம்.

3

திருஞானசம்பந்தர் திருக்கோணமலை மீது பாடிய பதிகம் மூன்றாந் திருமுறையில் உள்ளது. அதன் பண் புறநீர்மை. இது பகற்பண்களுள் ஒன்று. ஓதுவார் வழக்கில் இன்று பூபாள இராகத்திற் பாடப்படுவது. எழுசீரடி நான்கு கொண்ட பாடல்கள். நான்கடிகளிலும் எதுகை தவறாது நிற்க, இறுதிப் பாடல் ஒழிந்த ஏனைய பாடல்கள் இறைவன் கோணமாமலையில் அமர்ந்திருத்தலைக் கூறி முடிகின்றன.

முதற்பாடலின் அமைப்பை நோக்குக. கழலும் சிலம்பும் எழுப்பும் ஒலியோடு அது தொடங்குகிறது. சந்தனமும் அகிலும் மணியும் வாரிக்கொண்டு வந்து, முத்துக்களைக் கரையிற் கொழிக்கும் கடலின் முழக்கத்தோடு முடிகிறது. சிலம்பின் நுண்ணொலியிலிருந்து கடலின் பேரொலி வரை செவி விரிந்து செல்ல, அவ்விரிவின் எல்லையில் மலையில் அமர்ந்த இறைவனின் அசைவின்மை வைக்கப்படுகிறது. சீர்கள் அலைபோல ஒன்றையொன்று தொடர்ந்து வருதலும், ஈற்றில் ஒரே தொடர் வந்து நிலைகொள்ளுதலும் இப்பொருளையே ஓசையாற் செய்து காட்டுகின்றன.

சைவ மரபின்படி சம்பந்தர் ஈழம் வந்தவரல்லர். இராமேச்சரத்திலிருந்தே இப்பதிகத்தைப் பாடினார் என்பர். அவ்வாறாயின் பாடலிலுள்ள கடல் புலவன் கற்பித்துக்கொண்ட கடல். கோணேசர் மலையுச்சியில் நின்று கேட்பவனுக்கோ அது கற்பனையன்று. செங்குத்தான பாறையின் அடியில் அலை மோதும் ஓசை ஓதுவாரின் குரலுக்கு இடையறாத சுருதியாக நிற்கிறது. கிழக்கே திறந்த கடலில் ஞாயிறு எழுகிறது. வைகறைக்குரியதெனக் கருதப்படும் பண் அதே வேளையில் ஒலிக்கிறது. புலவன் சொல்லில் வைத்ததை இடமும் காலமும் ஒலியாக நிறைவு செய்கின்றன. சிதம்பரத்திலோ கொழும்பிலோ அதே பதிகத்தை அதே பண்ணிற் கேட்பவன் பெறும் அனுபவம் இதனின்று வேறானது. சொல்லும் பண்ணும் ஒன்றாயிருந்தும் அனுபவம் வேறுபடுகின்றது.

கேட்போனின் வரலாறு இதனினும் ஆழமாகத் தொழிற்படுவதைக் காணலாம். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அக்கோட்டையைத் தமதாக்கிக்கொண்டனர். 1950இல் புதைந்திருந்த செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன; மீண்டும் கட்டப்பட்ட கோயிலுக்கு 1963இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ 340 ஆண்டுகளாக அம்மலையிற் பழைய கோயில் இல்லை. ஆயினும் வழிபாடு முற்றாக நின்றுவிடவில்லை. பாறையின் விளிம்பில் நின்று கடலிற் படையலிட்ட வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயர் குறிப்புகள் கூறுகின்றன. அக்காலத்தில் இப்பதிகத்தைக் கேட்டவனின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இறைவன் அங்கே அமர்ந்திருக்கிறான் எனப் பாடல்களின் ஈற்றடி வலியுறுத்துகிறது. கண்ணுக்குத் தெரிவதோ அந்நியனின் கோட்டை. 7ஆம் நூற்றாண்டிற் புகழ்மொழியாக இருந்த தொடர், 17ஆம் நூற்றாண்டின் பின் ஒரு மறுப்புரையாக, உரிமைக் கூற்றாக மாறியிருத்தல் வேண்டும். ஓரெழுத்தும் மாறவில்லை. கேட்போனின் வரலாறு மாறியது. அதனோடு பாடலின் பொருளும் மாறியது. சொற்களை மட்டும் ஆராயும் திறனாய்வுக்கு இம்மாற்றம் புலப்படாது.

ஈழத்தில் இத்துறையின் முன்னோடி விபுலானந்த அடிகளாவார். திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பினை ஏற்றுப் பணிபுரிந்தவர் அவர்; பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் வெளிவந்த அவரது ‘யாழ் நூல்’ பண்ணியல், தேவாரவியல் முதலிய இயல்களில் இழந்த ஒலியைக் கணக்காலும் ஆய்வாலும் மீட்க முயன்றது. தமிழ்ச் செய்யுளைத் தாளிலிருந்து செவிக்குத் திருப்பிய பெருமுயற்சி அது. எனினும், அடிகளின் கவனம் நரம்பின் அளவிலும் பண்ணின் இலக்கணத்திலும் நின்றது. அவற்றைக் கேட்டவர் யார், எந்நிலையிற் கேட்டனர் என்னும் வினா அவருக்குப் பின்வந்தோர்க்கு எஞ்சியது. அவ்வினாவுக்கான விடையை மலையிலிருந்து கீழிறங்கி மணற்கரையிலேயே தேடவேண்டியுள்ளது.

4

கரைவலைத் தொழிலில் வலையைக் கடலில் வளைத்து இட்டபின் அதன் இரு முனைக் கயிறுகளையும் இரு குழுவினர் கரையில் நின்று இழுப்பர். இத்தொழிலில் ஒருவர் முன்னடி சொல்ல ஏனையோர் ‘ஏலேலோ’ போன்ற பின்னடியை ஒருங்கே எடுப்பது அம்பாப் பாடலின் பொது அமைப்பாகும். கடவுள் வாழ்த்து, ஊர்ப்பெயர்கள், காதல், கேலி, வறுமை, தொழிலின் துன்பம் எனப் பலவும் முன்னடியில் இடம்பெறும். பின்னடி மாறுவதில்லை.

அம்பாப் பாடலொன்றின் அச்சுப்படியை வகுப்பறையில் வாசித்துக் காட்டினால் மாணவர் பெரிதும் ஏமாற்றமடைவர். முன்னடிகள் தொடர்பற்றவையாகத் தோன்றும். பின்னடி பொருளற்ற கூச்சலாகத் தோன்றும். தொகுப்பாசிரியர்களும் பின்னடியை ஒருமுறை அச்சிட்டு, மேல்வருவனவற்றைப் புள்ளியிட்டு விடுவதுண்டு. கயிற்றைப் பிடித்திருப்பவனுக்கோ பாட்டின் உயிர்நிலை அப்பின்னடியே. அதன் நெடிலொலியின் மேல்தான் இருபது முப்பது பேரின் தசைகள் ஒரே கணத்தில் இயங்குகின்றன. முன்னடி மூச்சு வாங்குவதற்கான இடைவேளை. கேலியும் காதலும் அவ்விடைவேளையை நிரப்பிக் களைப்பை மறக்கச் செய்கின்றன. வலையின் மடி கரையை அணுக அணுக இழுப்பு விரைவுறும். பாட்டின் நடையும் அதனோடு விரையும். தொல்காப்பியர் ‘முடுகு’ என்றதை ஏட்டிற் கற்பதற்கு முன்பே நமது செம்படவர் கரையில் அறிந்திருந்தனர்.

தொழிலுக்கும் தாளத்துக்கும் உள்ள இவ்வுறவினை 1896இல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் பியூகர் விரிவாக ஆராய்ந்தார். ஜோர்ஜ் தொம்சன் ‘மார்க்சியமும் கவிதையும்’ என்னும் சிறுநூலில் தொழிற்பாடலில் மாறாத உழைப்பொலி ஒன்றும், மாறிவரும் புனைவு ஒன்றும் உண்டெனப் பகுத்துக் காட்டி, கவிதையின் வளர்ச்சியை இரண்டாவதன் விரிவாகக் கண்டார். அந்தத் தொம்சனிடமே பேர்மிங்ஹாமில் ஆய்வு செய்தவர் க. கைலாசபதி. வாய்மொழி மரபினை அடிப்படையாகக் கொண்டு சங்கப் பாடல்களை ஆராய்ந்த அவரது ‘தமிழ் வீரநிலைக் கவிதை’ பற்றிய ஆங்கில நூல் 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளியாயிற்று. பாடுவோனையும் அவனைச் சூழ்ந்திருந்தோரையும் இலக்கிய ஆராய்ச்சியின் நடுவே அவர் கொணர்ந்தார். அவ்வழியிற் சென்றோர் அம்பாவை ஆராயப் புகுந்தபோது அதன் முன்னடிகளில் வர்க்க முரண்பாட்டைத் தேடினர். சம்மாட்டியைக் கேலி செய்யும் அடி கிடைத்தவுடன் மனநிறைவடைந்தனர். உழைப்பு அப்பாடலில் எங்கே உள்ளது என வினவின், கேலியிலும் பார்க்க ‘ஏலேலோ’விலேயே அது மிகுதியாக உள்ளது. சொற்பொருள் இல்லாத அவ்வொலி பலரின் உழைப்பை ஒன்றாக்கிய கருவி. முரண்பாடும் அங்கேயே உள்ளது: அவ்வொலியால் ஒன்றான உழைப்பின் பயனில் ஒரு பங்கு, கயிற்றைத் தொடாத வலையுடைமையாளனுக்குச் செல்கிறது.

அம்பாவில் கேட்போனும் பாடுவோனும் ஒருவரே என்பதும் கருதத்தக்கது. தேவாரத்தை நின்று கேட்கலாம். அம்பாவை நின்று கேட்பவன் அதன் பாதியையே கேட்கிறான். அதன் அனுபவம் உள்ளங்கையிலும் முதுகிலும் நிகழ்வது. ஒலிப்பதிவுக் கருவி கூட அதனை முழுமையாகக் கொணர மாட்டாது. எந்திரவிசை கொண்டு வலையிழுக்கும் முறை இலங்கைக் கரைகள் சிலவற்றில் வந்துள்ளது. அது வரும் இடத்திற் பின்னடிக்கு வேலையில்லை. அத்துடன் போரினால் நேர்ந்த இடப்பெயர்வும், 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26இல் கிழக்குக் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையும் கரையோரக் குடிகளைச் சிதறடித்தன. சொற்கள் தொகுப்புகளில் எஞ்சியிருக்கின்றன. பாடல் எஞ்சியிருக்கிறதா என்பது வேறு வினா.

5

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, ஒலியும் நடையுமே யாவும், சொல் ஒரு சாக்கு எனச் சிலர் முடிவு கட்டலாம். அம்முடிபைச் சோதிப்பதற்கு மூன்றாவது மரபு உதவுகின்றது.

திருகோணமலை 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கிய துறைமுகம். போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வாழ்ந்த கிழக்கு நகரங்களுள் அதுவும் ஒன்று. ஆபிரிக்கரும் போர்த்துக்கேயரும் கொணர்ந்த கப்பிரிஞ்ஞா, பைலா ஆகியவற்றின் தாளம் இலங்கைக் கரையோர நகரங்களில் வேரூன்றியிருந்தது. கோயிலை இடித்த படையின் வழியே வந்த இசை எனினும், அத்தாளத்தில் ஆதிக்கவாதியின் பங்கோடு அவன் கொணர்ந்த அடிமையின் பங்கும் உண்டு. 1960களின் இறுதியிலும் 1970களிலும் அத்தாளத்தைத் தமிழுக்குக் கொணர்ந்தவர்கள் பொப்பிசைக் கலைஞர்கள். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ முதலியன இலங்கையெங்கும் பாடப்பட்டன. திருகோணமலையைச் சேர்ந்த பரமேஷ், கோணேஷ் சகோதரர்களும் இத்துறையிற் பெயர் பெற்றனர். அறிஞர் பலர் இப்பாடல்களைக் கொச்சை என ஒதுக்கினர்.

‘கொச்சை’ என்னும் தீர்ப்பு சொல்லைப் பற்றியதாயினும், அதன் உண்மையான இலக்கு நடையே. மாமியிடம் மகளைப் பற்றி மருமகன் வினவுதல் தமிழ் நாட்டார் பாடலுக்குப் புதிய பொருளன்று. அதனையே தெம்மாங்கில் அமைத்திருந்தால் நாட்டாரியல் எனப் போற்றியிருப்போம். கித்தாரோடும் பைலாத் தாளத்தோடும், யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சிலேயே அது வந்தபோது நாம் முகஞ் சுளித்தோம். அக்கால இளைஞனுக்கோ அது வேறொன்றாக இருந்தது. தமிழகத் திரைப்பாடலின் மொழியில் மட்டுமே காதலைக் கேட்டு வந்தவன், தன் வீட்டுப் பேச்சைத் தாளத்தோடு முதன்முறையாகக் கேட்டான். சொற்களின் பொருள் அற்பமாயிருப்பினும், அச்சொற்களின் தரம் அவனுக்குத் தன்னை அடையாளங் காட்டியது.

‘சுராங்கனி’ இன்னுஞ் சிக்கலானது. சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்ததைக் கூறும் சிங்கள அடியும் தமிழ் அடிகளும் அதில் ஒருங்கே வருகின்றன. 1977இல் இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தின் வழியே அது தமிழகத்திலும் பரவியது. சிங்களம் அறியாத இலட்சக்கணக்கானோர் அவ்வடியைப் பொருளறியாமலே பாடினர். அவர்கள் வாயில் அது ஏறத்தாழ ‘ஏலேலோ’ ஆயிற்று: பொருள் கழன்று, தாளம் எஞ்சிய ஒலி. மீன்பிடித் துறையில் பிறந்திருக்கத்தக்க ஓரடி, மீண்டும் பின்னடியாகிய விந்தை இது.

ஆயினும் இவ்விரு பின்னடிகளுக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அம்பாவின் பின்னடி ஒரே கயிற்றைப் பிடித்தவர்களை இணைத்தது. பொப்பிசையின் பின்னடி, ஒரு மண்டபத்தில் ஆடியவர்களை அப்பாடல் முடியும் வரை இணைத்தது. சிங்களவரும் தமிழரும் ஒரே தாளத்துக்கு ஆடிய அதே பத்தாண்டில்தான், 1972இன் அரசியலமைப்பும் தரப்படுத்தலும் இரு சமூகங்களையும் பிரித்து நிறுத்தின. 1983 ஜூலையில் நிகழ்ந்தவற்றை எந்தத் தாளமும் தடுக்கவில்லை. இதனை அக்கலைஞர்களின் குற்றமாகக் கூறுவது நியாயமன்று. ஆனால், ஒலியின் ஒற்றுமையை உணர்வின் ஒற்றுமை எனவும், அதனை அரசியல் ஒற்றுமை எனவும் மயங்கும் இனிய நம்பிக்கைக்கு அது ஒரு மறுப்பு. மற்றவரின் அடியைப் பொருளறிந்து பாடியிருந்தால் வரலாறு மாறியிருக்கும் எனவும் கூறுவதற்கில்லை. எனினும், பொருளறியாது பாடியதை நட்புறவின் சான்றாக இன்று காட்டுவோர், சொல்லின் கடமையைத் தாளத்தின் மேற் சுமத்துகின்றனர்.

6

மூன்று மரபுகளும் மூன்று உண்மைகளை உணர்த்துகின்றன. சொல் மாறாதிருக்கக் கேட்போனின் வரலாறு பாடலின் பொருளை மாற்றும் என்பதைக் கோணமலைப் பதிகத்திற் கண்டோம். சொற்பொருள் அற்ற ஒலியே பாடலின் முதன்மையான பொருளாக இருக்கலாம் என்பதை அம்பாவிற் கண்டோம். அவ்வொலிக்கு அடியில் கூட்டு வாழ்க்கை இல்லாதபோது அது தரும் இணைவு கணநேரத்தது என்பதைப் பொப்பிசையிற் கண்டோம். இவற்றைச் சேர்த்து நோக்குமிடத்து, நடையும் ஒலியும் சொல்லும் தம்முள் எது பெரிது என்னும் விவாதம் பயனற்றது என்பது தெளிவாகும். அவற்றை ஒன்றாகப் பிணைப்பது கேட்போன் வாழும் நிலைமை. அவன் பாறை விளிம்பில் நிற்கிறானா, கயிற்றைப் பிடித்திருக்கிறானா, மண்டபத்தில் ஆடுகிறானா என்பதை அறியாமல் பாடலின் உள்ளடக்கத்தை அறிந்துவிட்டோம் எனக் கூற முடியாது. உள்ளடக்கமே உருவத்தை நிர்ணயிக்கிறது என்னும் கோட்பாடு இதனால் வலுப்பெறுமேயன்றி மெலியாது; உள்ளடக்கம் என்பதன் எல்லை சற்று விரிகின்றது, அவ்வளவே.

இது திறனாய்வாளர்க்கு மட்டும் உரிய வாதமன்று. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும், மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் அம்பா பாடப்பட்ட கரைகளுக்கு அருகிலேயே உள்ளன. அங்குள்ள மாணவர் இனித் தொகுப்புக்குச் செல்கையில், முன்னடி சொன்னவரின் சொற்களை மட்டும் எழுதிவராது, பின்னடி எத்தனை முறை எடுக்கப்பட்டது, எவ்விடத்தில் நடை விரைந்தது, எந்த மூச்சில் இழுப்பு விழுந்தது, மீன் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பவற்றையும் குறித்து வருதல் வேண்டும். வலையிழுத்துப் பாடிய முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களிடம் பாடலைச் ‘சொல்லும்படி’ கேட்பதை விடுத்து, ஒரு கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பாடும்படி கேட்டால், இதுவரை அச்சில் வராத பாதி நமக்குக் கிடைக்கக்கூடும்.